ஒரே ஓர் எழுத்து பிசகினால்..! அரபுக் குடும்பங்களைத் தொடரும் பரம்பரைக் கொலஸ்ட்ரால்

முழங்கையில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு கட்டி. வலி கிடையாது, அரிப்பும் கிடையாது. சில மாதங்களில் முழங்காலிலும் அதேபோல ஒன்று. பிறகு விரல் இடுக்கில், குதிகால் நரம்பின் மேல். பார்ப்பதற்கு நன்றாக இல்லையே என்றுதான் பெற்றோர் குழந்தையைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். முடிவைப் பார்த்தால் ஆய்வகமே தவறு செய்துவிட்டதோ என்று தோன்றும். ஆறு வயதுக் குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் அளவு 800!

பெரியவர்களுக்கே 200-க்குள் இருக்க வேண்டிய அளவு அது. குழந்தை குண்டாகவும் இருக்காது, எண்ணெய்ப் பலகாரமாகச் சாப்பிட்டும் வளர்ந்திருக்காது. ஆனால் அதன் இதய ரத்தக்குழாய்களுக்குள் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கும். அப்படியே விட்டுவிட்டால், இருபது வயதுக்குள் மாரடைப்பு வரும் ஆபத்து உண்டு.

லெபனான் நாட்டின் தலைநகர் பெய்ரூட்டில், 1960-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மருத்துவர். உலகில் வேறெங்கும் அபூர்வமாகவே தென்படும் நோய், அவர் மருத்துவமனைக்கு மட்டும் ஏன் இத்தனை முறை வருகிறது? அந்தக் கேள்வியின் பின்னால் போனதில்தான், கொலஸ்ட்ரால் பற்றி இன்று உலகம் அறிந்திருக்கும் பல உண்மைகள் வெளிச்சத்துக்கு வந்தன.

மூன்று குவியல்கள்

அந்த மருத்துவரின் பெயர் அவேதிஸ் கச்சதுரியன். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்மேனிய வம்சாவளிக்காரர். நோயாளிக் குழந்தைகளோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்களுடைய அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, சித்தப்பா, அத்தை என்று குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

முடிவுகளை அடுக்கிப் பார்த்தபோது அவை மூன்று தனித்தனிக் குவியல்களாகப் பிரிந்தன. ஒரு பிரிவினருக்குக் கொலஸ்ட்ரால் இயல்பாக இருந்தது. அடுத்த பிரிவினருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றாவது பிரிவில் அந்தக் குழந்தைகள், அவர்களுக்கு நான்கு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். முக்கியமான விஷயம், அந்தக் குழந்தைகளின் தாய், தந்தை இருவருமே நடுக் குவியலில் இருந்தார்கள்.

மரபியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதி மட்டும் பழுதானால் கொலஸ்ட்ரால் இரண்டு மடங்கு. இரண்டுமே பழுதானால் நான்கு மடங்கு. 1964-ல் கச்சதுரியன் இதை வெளியிட்டார். 1973-ல் அவரும் சாமி உத்மானும் சேர்ந்து, இரண்டு பிரதியும் பழுதான 52 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்கள். இவ்வளவு அபூர்வமான நோயில் ஒரே இடத்திலிருந்து 52 பேர் என்பது உலகை வியக்க வைத்த எண்ணிக்கை.

இந்த நோய்க்குப் 'பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால்' என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக 'எஃப்.ஹெச்.' என்கிறார்கள்.

இறக்குமதிக்கு ஆள் இல்லாத துறைமுகம்

எந்த மரபணு பழுதாகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. விடையைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு நண்பர்கள். 1970-களில் அவர்கள் செய்த ஆய்வுகளுக்காக 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் அது தனியாகப் பயணம் செய்ய முடியாது. சின்னச் சின்னப் படகுகளில் ஏறித்தான் போகும். அந்தப் படகுகளில் ஒரு வகைதான் 'எல்.டி.எல்.'. கெட்ட கொலஸ்ட்ரால் என்று பரிசோதனைச் சீட்டில் பார்க்கிறோமே, அதுதான். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், இந்தப் படகுகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் இருக்கின்றன. இவை 'எல்.டி.எல். ஏற்பிகள்'. ஒரு ஏற்பி படகைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும். சரக்கை இறக்கிவிட்டு மறுபடி மேலே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிடம்தான். இப்படி அது நூறு முறைக்கும் மேல் போய்வரும்.

இந்தக் கொக்கியைச் செய்யும் மரபணு 19-வது குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது வந்தால் கொக்கிகள் குறையும். படகுகள் கரை சேர வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாளடைவில் ரத்தக்குழாய்ச் சுவர்களில் சரக்கைக் கொட்டத் தொடங்கும். முழங்கையில் தெரியும் மஞ்சள் கட்டி, அப்படிக் கொட்டிய சரக்கின் வெளி அடையாளம்தான்.

லெபனான் எழுத்துப்பிழை

1987-ல் டல்லாஸ் குழுவினர் லெபனான் நோயாளிகளின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். மரபணு மொழியில் மொத்தம் நான்கு எழுத்துகள். மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்ந்து ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். எல்.டி.எல். ஏற்பி, 839 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி.

லெபனான் நோயாளிகளிடம் 660-வது இடத்தில் 'டி.ஜி.சி.' என்று இருக்க வேண்டிய சொல், 'டி.ஜி.ஏ.' என்று மாறியிருந்தது. மாறியது கடைசி எழுத்து ஒன்றுதான். ஆனால் மரபணு மொழியில் 'டி.ஜி.ஏ.' என்றால் 'இத்துடன் நிறுத்து' என்று பொருள். எனவே சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. கடைசி 180 அமினோ அமிலங்கள் உருவாவதே இல்லை. ஏற்பியைச் செல்லின் மேற்பரப்பில் பிடித்துவைக்கும் நங்கூரம் அந்த 180-க்குள்தான் இருக்கிறது. அரைகுறையான அந்தப் புரதம் செல்லுக்குள்ளேயே தேங்கி நின்றுவிடும். மேற்பரப்புக்கு வரவே வராது.

மருத்துவ நூல்களில் இதற்கு 'லெபனான் பிரதி' என்றே பெயர் வந்துவிட்டது. உலகப் பொதுக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு எஃப்.ஹெச். நோயின் ஒற்றைப் பிரதிப் பழுது இருக்கிறது. லெபனான் கிறிஸ்தவர்களிடம் 85 பேரில் ஒருவருக்கு என்பது மருத்துவ இதழ்களில் நீண்ட காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஏன் அங்கே மட்டும் இவ்வளவு அதிகம்? மலைக் கிராமங்களில், தங்கள் மதப்பிரிவுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்த சமூகங்கள் அவை. எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையரிடம் ஏற்பட்ட எழுத்துப்பிழை, வெளியே கலக்காமல் சந்ததிகளுக்குள்ளேயே பெருகியது. 'நிறுவனர் விளைவு' என்று மரபியலாளர்கள் இதைச் சொல்வார்கள்.

அந்த மக்கள் கப்பலேறிப் போன இடத்துக்கும் பிழை கூடவே போனது. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனானிலிருந்து ஏராளமானோர் பிரேசிலில் குடியேறினார்கள். 1992-ல் பிரேசில் நாட்டு எஃப்.ஹெச். நோயாளிகளைச் சோதித்தபோது, பலரிடம் அதே 'லெபனான் பிரதி' இருந்தது. போர்த்துகீசிய மொழி பேசும் பேரப்பிள்ளைகளின் ரத்தத்தில் மலைக் கிராமத்தின் முகவரி எழுதப்பட்டிருந்தது.

சித்தப்பா மகளும் மாமன் மகளும்

அரபு நாடுகளில் எஃப்.ஹெச். நோயின் கடுமையான வடிவம் அதிகம் தென்படுவதற்கு இன்னொரு காரணம் உறவுமுறைத் திருமணம். சவுதி அரேபியா, கத்தார், குவைத் ஆகிய நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில், பாதிக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை என்று பதிவாகியிருக்கிறது.

அரபு வழக்கத்தில் 'பின்த் அம்' எனப்படும் சித்தப்பா அல்லது பெரியப்பா மகள்தான் முதல் உரிமைக்குரிய மணப்பெண். தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெண் தங்கை முறை. திருமணப் பேச்சே எழாது. இங்கே மாமன் மகளும் அத்தை மகளும்தான் முறைப்பெண்கள். அக்காள் மகளைக் கட்டும் வழக்கமும் தமிழகத்தில் உண்டு. இஸ்லாத்தில் அதற்கு அனுமதி இல்லை. ஆனால் மரபணுவுக்கு இந்த முறைவைப்பெல்லாம் தெரியாது. சித்தப்பா மகளோ, மாமன் மகளோ, எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருக்கும். அக்காள் மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு.

இதை எண்ணில் பார்த்தால் விளங்கும். 300 பேரில் ஒருவருக்கு ஒற்றைப் பிரதிப் பழுது உள்ள ஒரு நாட்டில், உறவில்லாத இருவர் மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக இருக்க 3,60,000-ல் ஒரு வாய்ப்புதான். அதே நாட்டில் ஒன்றுவிட்ட சகோதர முறையில் இருப்பவர்கள் மணந்தால் அந்த வாய்ப்பு சுமார் 9,400-ல் ஒன்று. ஏறக்குறைய 38 மடங்கு அதிகம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறவுமுறைத் திருமணம் புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் ஒரே பழுது, அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. குடும்பத்தில் பழுதே இல்லாவிட்டால் இந்த நோயும் இல்லை.

சவுதி அரேபியாவிலும் இப்படிக் குடும்பங்களுக்குள் சுற்றிவரும் பழுது ஒன்று கண்டறியப்பட்டது. அதே ஏற்பி மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருந்தது. ஓர் எழுத்து போனால் அதன் பின்னால் வரும் மூன்றெழுத்துச் சொற்கள் எல்லாமே இடம் மாறி, பொருளற்றுப்போகும். இரண்டு பிரதியும் பழுதான சவுதிக் குழந்தைகளிடம் இது திரும்பத் திரும்பத் தென்பட்டது.

112 பேரில் ஒருவர்

இது சில குடும்பங்களின் பிரச்னை மட்டும்தானா, அல்லது மொத்த வட்டாரத்தின் பிரச்னையா? இதைத் தெரிந்துகொள்ள வளைகுடா நாட்டு மருத்துவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கினார்கள். சவுதி அரேபியா, ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், பஹ்ரைன் ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 34,366 நோயாளிகளின் பதிவுகள் அலசப்பட்டன. 306 பேருக்கு எஃப்.ஹெச். உறுதியாகவோ, பெரும்பாலும் அதுவாகவோ இருந்தது. அதாவது 112 பேரில் ஒருவர். உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்து எடுத்த கணக்கு என்பதால், வீதியில் நடமாடும் எல்லோருக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் இதன் பொருள் கனமானது. இந்த நோயைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஒற்றைப் பிரதிப் பழுது உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்குள் இதயநோய் வருகிறது. பெண்களில் சுமார் முப்பது சதவிகிதத்தினருக்கு அறுபது வயதுக்குள் வருகிறது. குடும்பத்தின் சுமையைத் தோளில் தாங்கும் வயது அது.

சின்னச் சின்ன எழுத்துகளின் கூட்டணி

கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ள எல்லோருக்கும் எஃப்.ஹெச். இருப்பதில்லை. பெரும்பாலானவர்களிடம் நடப்பது வேறு கதை. அவர்களிடம் பெரிய பழுது எதுவும் இருக்காது. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன எழுத்து வேறுபாடுகள் இருக்கும். ஒன்று அளவைக் கொஞ்சம் கூட்டும், இன்னொன்று கொஞ்சம் குறைக்கும். எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைதான் ஒருவரின் பரிசோதனைச் சீட்டில் எண்ணாக வருகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடு கொழுப்பை உடைக்க 'எல்.பி.எல்.' என்ற நொதி வேலை செய்கிறது. சிலருக்கு இந்த நொதியின் மரபணுவிலும் 'இத்துடன் நிறுத்து' என்ற சொல் முன்கூட்டியே வந்துவிடும். ஆனால் அது வருவது கிட்டத்தட்டக் கடைசியில். இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள்தான் குறையும். அப்படிக் குறைந்தால் நொதி கெட்டுப்போவதில்லை. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைவாகவும், நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். கூடுதலாகவும் இருக்கிறது! லெபனான் பிழையும் இதுவும் ஒரே மாதிரி நிறுத்தக்குறிதான். விழும் இடத்தைப் பொறுத்து ஒன்று ஆளைக் கொல்கிறது, இன்னொன்று காக்கிறது.

குவைத் பல்கலைக்கழகத்தில் சுசான் அல்-பஸ்தானின் குழு, குவைத் மக்களிடம் இத்தகைய கொழுப்பு மரபணுக்களை வரிசையாகப் படித்துவருகிறது. எச்.டி.எல். படகின் முக்கியப் புரதத்தைச் செய்வது 'ஏபோ ஏ1' என்ற மரபணு. அதன் தொடக்கத்துக்கு முன்னால், மரபணுவைத் திறந்து மூடும் சுவிட்ச் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே 'ஜி' என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓர் இடத்தில் சிலருக்கு 'ஏ' இருக்கும். வேறு சில நாடுகளில் நடந்த ஆய்வுகள், இந்த 'ஏ' எழுத்தை நல்ல கொலஸ்ட்ரால் கூடுவதோடு தொடர்புபடுத்தியிருந்தன. 2013-ல் வெளியான குவைத் ஆய்விலோ, அந்த எழுத்து உள்ளவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் கூடுதலாக இருந்தன.

ஓர் ஊரில் நல்ல பெயர் எடுத்த எழுத்து, இன்னோர் ஊரில் வேறு பெயர் எடுக்கிறது. உணவும் வாழ்க்கை முறையும் உடன் இருக்கும் மற்ற மரபணுக்களும் மாறும்போது இப்படி நேரலாம். அதனால்தான் ஒரு நாட்டு மக்களிடம் கண்டதை இன்னொரு நாட்டு மக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது.

'அரபு மக்கள்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும், அவர்களும் ஒரே வார்ப்பு கிடையாது. குவைத் மக்களின் மரபணுவை ஆராய்ந்தபோது சவுதிப் பழங்குடி வழி, பாரசீக வழி, பெடூயின் நாடோடி வழி என மூன்று கிளைகள் தெரிந்தன. கத்தாரில் பெடூயின், பாரசீகக் கிளைகளோடு ஆப்பிரிக்க வேர்களும் தெரிந்தன. பாலைவன ஒட்டகப் பாதைகளும் கடல் வணிகமும் அடிமை வியாபாரமும் ரத்தத்தில் விட்டுப்போன தடங்கள் இவை.

தட்டில் இருப்பதற்கும் பங்கு உண்டு

மரபணு மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியுமா? முடியாது. குவைத்தின் புர்கான் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1938-ல். அதற்கு முன்பு வளைகுடாக் கரைகளில் முத்துக்குளிப்பும் மீன்பிடியும் ஆடு, ஒட்டக மேய்ச்சலும்தான் பிழைப்பு. பேரீச்சம்பழம், மீன், ஒட்டகப்பால் என்று உணவு அளவாக இருந்தது. உடல் உழைப்பு கடுமையாக இருந்தது.

ஒரே தலைமுறையில் எல்லாம் மாறியது. ஆட்டிறைச்சியும் அரிசியும் சேர்ந்த மச்பூஸ், நெய் மணக்கும் விருந்துகள் எல்லாம் தினசரிச் சாப்பாடாகின. கூடவே துரித உணவும் சர்க்கரைப் பானங்களும் வந்தன. வெயிலுக்குப் பயந்து வீடு, கார், குளிரூட்டிய மால் என்று நடை குறைந்தது. சர்க்கரை நோயும் உடல் பருமனும் பெருகின. டிரைகிளிசரைடு கூடுவதும் எச்.டி.எல். குறைவதும் இந்த மாற்றத்தோடு ஒட்டிப் பிறந்தவை.

சாதாரணமாகக் கொலஸ்ட்ரால் கூடியவருக்கு உணவைத் திருத்துவதும் தினமும் நடப்பதும் நல்ல பலன் தரும். எஃப்.ஹெச். உள்ளவருக்கும் அவை அவசியம்தான், ஆனால் அவை மட்டும் போதாது. 'வாயைக் கட்டினால் சரியாகிவிடும்' என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவது அவர்களுக்கு ஆபத்து. பிறந்த நாளிலிருந்தே கொக்கி குறைவாக உள்ள உடல் அது.

அகராதியில் இல்லாத சொற்கள்

2021-ல் கொழுப்பு மரபணுக்கள் பற்றிய மாபெரும் சர்வதேச ஆய்வு ஒன்று வெளியானது. மொத்தம் 16.5 லட்சம் பேர் இடம்பெற்றார்கள். அதில் ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்கள் மூன்றரை லட்சம் பேர். ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், கிழக்காசியர், தெற்காசியர், ஹிஸ்பானியர் என்று ஐந்து பிரிவுகளாக ஆய்வு நடந்தது. அந்த ஐந்தில் அரபு மக்களுக்கெனத் தனிப் பிரிவு இல்லை.

இது வெறும் கௌரவப் பிரச்னை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவரின் மரபணு அறிக்கையைப் பார்த்து, 'உங்களுக்கு இதயநோய் வாய்ப்பு இவ்வளவு' என்று மதிப்பெண் போடும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவுகளை வைத்துச் செய்தவை. கத்தார் நாட்டில் 6,218 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 45 உடல்நலக் குறியீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. ஐரோப்பியர்களுக்காகச் செய்த மதிப்பெண் முறை கத்தார் மக்களிடம் அவ்வளவு சரியாகக் கணிக்கவில்லை என்று அது காட்டியது. அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாததைப் போலத்தான்.

இந்தக் குறையைப் போக்கத்தான் கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகள் தங்கள் மக்களின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் தேசியத் திட்டங்களை நடத்துகின்றன.

அரபு மண்ணில் பிறந்தவர்களின் பங்கு

2003-ல் இந்தத் துறையே திரும்பிப் பார்த்த ஒரு கண்டுபிடிப்பு வந்தது. எல்.டி.எல். ஏற்பி மரபணு சரியாக இருந்தும் சில பிரெஞ்சுக் குடும்பங்களில் எஃப்.ஹெச். இருந்தது. காரணம், 'பி.சி.எஸ்.கே.9' என்ற வேறொரு மரபணு. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் லெபனானைச் சேர்ந்த மரியான் அபிஃபாதெல். அவர் பாரிஸில் கேத்தரின் புவாலோவின் குழுவோடு பணியாற்றினார். அந்தப் புரதத்தை முதலில் கண்டெடுத்த நபீல் சைதா, எகிப்தின் கெய்ரோவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்பவர்.

பி.சி.எஸ்.கே.9 செய்யும் வேலை என்ன? கொக்கிகளை அழிப்பது. அது ஒரு ஏற்பியைப் பிடித்துக்கொண்டால், அந்த ஏற்பி மறுபடி மேலே வராது. செல்லின் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அப்படியானால் பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுத்தால் கொக்கிகள் பெருகுமே? 2015-ல் அப்படித் தடுக்கும் ஊசி மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கண்டுபிடித்துப் பன்னிரண்டே ஆண்டுகளில் மருந்து!

மருந்து எட்டாத குழந்தைகள்

ஒற்றைப் பிரதிப் பழுது உள்ளவர்களுக்கு இன்று நம்பிக்கையான சிகிச்சை இருக்கிறது. ஸ்டாட்டின் மாத்திரை, போதவில்லை என்றால் எஸெடிமைப், அதற்கும் மேல் பி.சி.எஸ்.கே.9 ஊசி. எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டாட்டின் தொடங்கலாம் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கி விடாமல் எடுத்துக்கொண்டால், அவர்களும் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம்.

ஆனால் பெய்ரூட்டில் கச்சதுரியன் பார்த்த அந்தக் குழந்தைகளின் நிலைமை வேறு. ஸ்டாட்டினும் பி.சி.எஸ்.கே.9 ஊசியும் முக்கியமாக வேலை செய்வது கொக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தான். 'லெபனான் பிரதி' இரண்டும் உள்ள குழந்தையிடம் வேலை செய்யும் கொக்கி ஒன்றுகூட இல்லை. இல்லாததை எப்படிக் கூட்டுவது?

அவர்களுக்கு நீண்ட காலமாக இருந்த வழி, டயாலிசிஸ் போன்ற ஒரு சிகிச்சை. ரத்தத்தை வெளியே எடுத்து, எல்.டி.எல்.லை வடிகட்டிவிட்டு மறுபடி உடலுக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் அளவு பாதிக்கும் கீழே இறங்கும். அடுத்த சில நாள்களில் மறுபடி ஏறத் தொடங்கும். எனவே வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வாழ்நாள் முழுவதும் செய்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடம், விளையாட்டு, பயணம் எல்லாமே இந்த அட்டவணைக்குள்தான்.

இன்னொரு வழி கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. 1984-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதயமும் கல்லீரலும் ஒரே நேரத்தில் மாற்றப்பட்டன. ஆயிரத்தைத் தாண்டியிருந்த அவளது கொலஸ்ட்ரால் மளமளவென்று இறங்கியது. புதிய கல்லீரலில் கொக்கிகள் இருந்தனவே! பிரவுன், கோல்ட்ஸ்டீன் சொன்னது சரி என்பதற்கு அந்தச் சிறுமியின் உடலே சாட்சி ஆனது. ஆனால் அவள் 1990-ல், பதின்மூன்று வயதில் இறந்துபோனாள்.

2021-ல் 'எவினாகுமாப்' என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொக்கியை நம்பாமல் வேறு பாதையில் எல்.டி.எல்.லைக் குறைக்கும் மருந்து இது. பரிசோதனையில் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கொக்கியே இல்லாத நோயாளிகளிடமும் வேலை செய்தது. ஆனால் விலை மிக அதிகம். எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டின் குழந்தைக்கு எட்டுவது, பொருளாதாரம் நொடிந்துபோன லெபனானின் மலைக் கிராமத்துக் குழந்தைக்கு எட்டுவது கடினம். ஒரே பழுது, ஒரே மொழி பேசும் இரண்டு வீடுகள். ஆயுளைத் தீர்மானிப்பது எந்த நாட்டில் பிறந்தோம் என்பது.

ஒருவரைக் கண்டால் குடும்பத்தையே காக்கலாம்

விலை அதிகமில்லாத ஒரு வழியும் இருக்கிறது. அது கச்சதுரியன் அன்றைக்குச் செய்த அதே வேலைதான். ஒருவருக்கு எஃப்.ஹெச். இருப்பது தெரிந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இரண்டு பேருக்கு ஒருவர் வீதம் அது இருக்க வாய்ப்பு உண்டு. அவர்களைச் சோதித்து, அவர்களில் யாருக்கு இருக்கிறதோ அவர்களின் உறவினர்களையும் சோதித்துக்கொண்டே போனால், ஒரு நோயாளியிலிருந்து பத்துப் பேரைக் கூடக் காப்பாற்றலாம். பெரிய குடும்பங்கள் நெருங்கி வாழும் அரபுச் சமூகத்தில் இது இன்னும் எளிது. நோயைப் பரப்பிய அதே உறவுச் சங்கிலி, நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும்.

சவுதி அரேபியாவில் அரிவாள் செல் ரத்தசோகை, தலசீமியா நோய்களுக்கான திருமணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை 2004 முதல் கட்டாயம். நிக்காஹ் பேச்சோடு ஆய்வக அறிக்கையையும் பார்ப்பது அங்கே புதிதல்ல. கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடுகூடத் தேவையில்லை. ஒரு குழந்தையின் முழங்கையில் மஞ்சள் கட்டியைப் பார்த்ததும், அதன் அப்பா, அம்மா இருவரையும் சட்டையின் கையை மடிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தால் போதும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

எந்த நாட்டுக் குடும்பமானாலும் இந்த அறிகுறிகள் பொருந்தும்:

* பெரியவர்களுக்கு எல்.டி.எல். அளவு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்...

* குழந்தைகளுக்கு எல்.டி.எல். 160-க்கு மேல் இருந்து, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால்...

* குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்குள், பெண்களுக்கு 60 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால்...

* முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பு, விரல் மூட்டுகளில் மஞ்சள் நிறக் கட்டிகளோ தடிப்போ தெரிந்தால்...

* 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தெரிந்தால்...

இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்து முழுமையான கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 'எங்கள் வீட்டில் எல்லோருக்குமே சின்ன வயதில் நெஞ்சுவலி வரும்' என்று சாதாரணமாகச் சொல்லும் குடும்பங்கள்தான் முதலில் போக வேண்டும்.